மறுபடி போடாத கோடு

பேருந்தில் உட்கார்ந்தால் சித்தப்பாவின் வலது கால் சும்மா இருக்காது. நிறுத்தம் வருவதற்கு முப்பது நாற்பது அடி இருக்கும்போதே பாதம் தரையை அழுத்தத் தொடங்கும். முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி. வண்டி நின்றதும் பாதம் எழும்பும். ஓட்டுநர் தாமதமாக பிரேக் பிடித்தால் 'ச்' என்று நாக்கைத் தட்டுவார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்த்த பழக்கம் இது. எல்லா ஆண்களும் பேருந்தில் இப்படித்தான் உட்காருவார்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன்.

சித்தி விடமாட்டாள். "இறங்கின பிறகாவது காலை எடுங்க. பக்கத்துல இருக்கிறவங்க செருப்பெல்லாம் தேயுது."

"அவன் லேட்டா மிதிக்கிறான். நானும் மிதிக்கலன்னா வண்டி யார் வீட்டுக்குள்ள போய் நிக்கிறது?"

"உங்களுக்கு ஒரு சம்பளம், உங்க காலுக்கு ஒரு சம்பளம் கேளுங்க."

சித்தப்பா ஓட்டுநர் இல்லை. நகரப் பேருந்துப் பணிமனையில் பேருந்து கழுவும் வேலை. சாகும்வரை அதே வேலைதான். அதற்கு முன்னால் ஒரு கட்டடக் கம்பெனியில் தண்ணீர் லாரி ஓட்டியவர். கனரக உரிமம் கையில் இருந்தது. பணிமனையிலும் ஓட்டாமல் இல்லை. ஓய்வுக்கு வந்து நிற்கும் வண்டியை எடுத்து, கழுவும் மேடைக்குக் கொண்டுபோய், கழுவி, பின்னோக்கி எடுத்து வரிசையில் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி. இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளியில் நிறுத்துவார். ஆனால் அந்த நாற்பதில் ஒன்றைக்கூட வாசல் கேட்டைத் தாண்டி ஓட்ட அனுமதி கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள் அவரை "டிரைவரே" என்று கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலுக்கு, பிறகு பழக்கத்துக்கு.

நாங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். மூன்று தலைமுறைக்கு முன் துறைமுக வேலைக்காக வேறு நாட்டிலிருந்து கப்பலில் கூட்டி வரப்பட்டவர்களின் பிள்ளைகள். குடியுரிமை இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது, வரிச்சீட்டு தவறாமல் வருகிறது. நகரத்துக்காரர்கள் எங்களை 'அக்கரை ஆட்கள்' என்பார்கள். அதில் வசவு ஏதும் இல்லை என்றும் சொல்வார்கள்.

பணிமனை வாசலில் ஒரு வேலைப் பலகை உண்டு. ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக், கேட் காவலர் என்று எல்லோருடைய பெயரும் தினமும் அதில் எழுதப்படும். கழுவும் பிரிவில் இருந்த ஒன்பது பேரும் அக்கரை ஆட்கள். அவர்களுக்கு மட்டும் கழுவு-1, கழுவு-2, கழுவு-3. சித்தப்பா கழுவு-3. அவர் சேர்ந்த புதிதில், ஏன் பெயர் போடவில்லை என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார். "உங்க பேரெல்லாம் வாயில நுழையலப்பா. நம்பர்னா சட்டுனு முடிஞ்சிரும்," என்றாராம் அவர். நல்ல மனிதர்தானாம். பண்டிகை விடுப்பெல்லாம் தடுக்காமல் தருவாராம்.

முப்பத்தெட்டு வயதில் சித்தப்பா ஓட்டுநர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். அந்தப் பணிமனையில் தேர்வு நடக்கும் முறையைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். பின்பக்கத்து வெற்றுத் திடலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்பார்கள். வளைந்த பாதை ஒன்று, பின்னோக்கி நுழைய ஒரு கட்டம், நிறுத்தம் மாதிரி ஒரு செவ்வகம். சக்கரம் கோட்டைத் தொடக்கூடாது. தொட்டால் ஒரு குறை. இரண்டு குறை வந்தால் வீட்டுக்குப் போகலாம். தேர்வதிகாரி ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார்.

கோடு போடுவதற்கென்றே ஒருவர் இருந்தார். நகரத்துக்காரர். எல்லோருக்கும் அவர் 'சுண்ணாம்பு'. சித்தப்பாவைவிட ஐந்து வயது பெரியவர். தேர்வு நாளில் வாளியும் தகர டப்பாவுமாகத் திடலில் நிற்பார். ஒரு சக்கரம் கோட்டை மிதித்தால் தூள் சிதறி, டயரில் வெள்ளையாக ஒட்டும். அடுத்த ஆள் வருவதற்குள் அந்த இடத்தில் அவர் மறுபடி கோடு போட வேண்டும். யாரும் தொடவில்லை என்றால் அவருக்கு வேலையில்லை. ஓரமாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பார்.

சித்தப்பா ஓட்டி முடித்து இறங்கியபோது சுண்ணாம்பு வாளிமேல்தான் உட்கார்ந்திருந்தார். தாளில் எழுதியிருந்தது: கோட்டைத் தொட்டது இரண்டு முறை. தேர்ச்சி இல்லை.

மறுநாள் கழுவும் மேடைக்குச் சுண்ணாம்பே வந்தார்.

"தம்பி, நேத்து உனக்கு என்ன போட்டாங்க?"

"ரெண்டு தடவை தொட்டேன்னு போட்டிருக்காங்கண்ணே."

"எங்க தொட்ட?"

"அதான் எனக்கும் தெரியல."

"நீ தொட்டிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன். உனக்கு அப்புறம் நான் எந்திரிக்கவே இல்ல. உனக்கு முன்னாடி ஓட்டினவனுக்கு மூணு இடத்துல மறுபடி போட்டேன். அவன் பாஸ்." சுண்ணாம்பு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை எங்க வேணா எழுதித் தரேன்," என்றார்.

எழுதியும் கொடுத்தார். ஒரு பக்கம், எட்டு வரி, கீழே முழுப் பெயரும் கையெழுத்தும்.

சித்தப்பா பணிமனை மேலாளரிடம் முறையிட்டார். பதில் இல்லை. தொழிலாளர் அலுவலகம், "தேர்வு தொழில்நுட்ப விஷயம்" என்றது. நீதிமன்றம், தேர்வதிகாரியின் முடிவில் தலையிட முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் இரண்டு வரியில் தள்ளுபடி செய்தது. இதற்குள் நான்கு வருடம் ஓடிவிட்டது. ஒரு இடத்திலும் யாரும் சுண்ணாம்பைக் கூப்பிட்டு, நீ மறுபடி கோடு போட்டாயா இல்லையா என்று கேட்கவில்லை. இலவச சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா தகவல் கேட்டு ஒரு பட்டியல் வாங்கியிருந்தார். பதினோரு வருடத்தில் அக்கரை ஆட்கள் இருபத்து மூன்று பேர் அந்தத் தேர்வுக்குப் போயிருந்தார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை.

கடைசித் தீர்ப்பு வந்த பிறகு ஒருநாள் வக்கீலம்மா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காலணிக் கடைக்கு மேலே மாடியில், மூன்று நாற்காலி போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை.

"இன்னும் ஒரு வாசல் இருக்கு. நம்ம நாடு ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கு, இனத்தைப் பார்த்து யாரையும் ஒதுக்க மாட்டோம்னு. அதைக் கண்காணிக்க ஐ.நா.வுல ஒரு குழு இருக்கு. பதினெட்டுப் பேர், வேற வேற நாட்டுக்காரங்க. இங்க எல்லாப் படியும் ஏறி முடிச்ச பிறகு, ஆறு மாசத்துக்குள்ள தனி ஆளா அவங்களுக்கு எழுதலாம்."

"எழுதினா?"

"அரசாங்கத்தைப் பதில் சொல்லச் சொல்வாங்க. பிறகு நம்ம பதில். பிறகு உட்கார்ந்து பேசி முடிவு சொல்வாங்க."

"என்னை மாதிரி ஒருத்தன் கேட்டா ஒரு அரசாங்கம் பதில் சொல்லியே ஆகணுமா?"

"கேப்பாங்க. சொல்லாம இருந்தா அதையும் எழுதுவாங்க."

சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பணிமனை மேலாளர் அவருக்கு இதுவரை வாயால்கூடப் பதில் சொன்னதில்லை.

அவருக்கு நாற்பத்திரண்டு முடியப் போகிறது. புதிதாக ஓட்டுநராகச் சேர வயது வரம்பு நாற்பத்தைந்து. இதை வக்கீலம்மாவும் சொன்னார், சித்தியும் தினம் ஒரு முறை சொன்னாள். மூன்று வருடத்துக்குள் முடிவு வந்து, மறுதேர்வு வைத்தால், அவர் கேட்டைத் தாண்டலாம். வராவிட்டால் இல்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு நாள்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் பார்த்தது அதைத்தான்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் தெருவிலிருந்தே கல்லூரிக்குப் போனவர்கள் குறைவு, எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். அதனால் குழாய் வரி முதல் ஐ.நா. வரை எல்லாக் காகிதமும் என் கைக்கு வந்தது. சித்தப்பா என்னை 'ஆபீஸ்' என்றுதான் கூப்பிடுவார். விண்ணப்பப் படிவத்தை நானும் அவரும் எங்கள் சமையலறை மேசையில் நிரப்பினோம். பாகுபாடு எதன் அடிப்படையில் என்று ஒரு கேள்வி. இனம், நிறம், வம்சாவளி, பூர்வீக நாடு.

"இதுல நாம எது, ஆபீஸ்?"

நானும் யோசித்தேன். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இப்படிக் கட்டம் போட்டுக் கேட்டதில்லை. நிறம் என்றால், நகரத்தில் எங்களைவிடக் கறுத்தவர்கள் இருக்கிறார்கள். நாடு என்றால், நாங்கள் பிறந்தது இங்கேதான். கல்லூரியில் என்னை முதல் நாள் முகவரி கேட்ட பெண், பதிலைக் கேட்டதும் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாளே, அது இந்த நான்கில் எதன் அடிப்படையில்?

அடுப்படியிலிருந்து சித்தி சொன்னாள்: "நாலுலயும் ஒரு டிக் போடு. எதுக்குக் குறை வைக்கணும்?"

வக்கீலம்மா பிறகு பார்த்துவிட்டு இரண்டு டிக்கை நீக்கினார், இரண்டை அப்படியே விட்டார்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. பெயர்களை அரசிடமிருந்து மறைக்க வேண்டுமா? சித்தப்பாவின் பெயரை மறைத்துப் பயனில்லை, ஊருக்கே தெரிந்த வழக்கு. ஆனால் இணைப்பில் சுண்ணாம்பின் எட்டு வரி இருந்தது. நீதிமன்றத்தில் அந்தத் தாளைக் கட்டோடு கொடுத்திருந்தோம், யாரும் பிரித்தே பார்க்கவில்லை. இந்த முறை அரசு ஒவ்வொரு தாளுக்கும் பதில் எழுதும், அப்போது அந்தத் தாள் பணிமனைக்குத் திரும்பிப் போகும் என்று வக்கீலம்மா எச்சரித்திருந்தார். "வேணும்னா பேரு மேல கறுப்பு அடிச்சு அனுப்பலாம். அவரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

நான் கறுப்புப் பேனாவைக்கூட எடுத்து வைத்திருந்தேன். சித்தப்பா அதை மூடி போட்டு எடுத்து வைத்துவிட்டார்.

"பேரு மேல மசி தடவறதா? இத்தனை வருஷமா பலகையில என் பேரைப் போடலன்னு சொல்லித்தானே சண்டை போடறோம்? நமக்காக எழுதின மனுஷனை நாம நம்பராக்கறதா? முழுப் பேரையும் தெளிவா டைப் பண்ணு. அப்பா பேரோட."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மரியாதையாகப் பட்டது. சுண்ணாம்பின் பெயரைத் தனித் தாளில், தடித்த எழுத்தில் தட்டினேன். அவரைக் கேட்டுவிட்டீர்களா என்று நான் சித்தப்பாவைக் கேட்கவில்லை. அவரும் கேட்டிருக்கவில்லை. பலகையில் எப்போதும் பெயர் இருந்தவருக்குப் பெயர் என்பது வேறு விஷயம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பெயர் எழுதப்படாதவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் இப்படிச் சொல்வது தப்பித்துக்கொள்ளும் வழியோ என்றும் தோன்றுகிறது.

அனுப்பினோம். புகாரைப் பதிவு செய்துகொண்டதாகப் பத்து மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதில் எண் இருந்தது. கூடவே சித்தப்பாவின் முழுப் பெயரும் இருந்தது, மரியாதை அடைமொழியோடு. சித்தப்பா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனார். கழுவும் பிரிவில் மற்ற எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

"டிரைவரே, இவங்களுக்கு மட்டும் எப்படி உங்க பேரு வாயில நுழைஞ்சுது?" என்றாராம் கழுவு-7.

அரசாங்கம் இரண்டு முறை அவகாசம் கேட்டு, பிறகு முப்பத்தோரு பக்கம் பதில் அனுப்பியது. பத்தொன்பதாவது பக்கத்தில் சுண்ணாம்பு வந்தார். 'குறிப்பிட்ட நபர் தேர்வை மதிப்பிடப் பயிற்சி பெற்றவர் அல்லர். அவரது பணி கோடு வரைவது மட்டுமே.' பதில் எங்கள் கைக்கு வந்த வாரத்துக்கு இரண்டு வாரம் முன்பே, நிர்வாகக் காரணங்களுக்காக அவர் பழைய டயர் கிடங்குக்கு மாற்றப்பட்டிருந்தார். நகரத்தின் கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து இன்னும் ஒரு மைல். டயர்களை அளவு வாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை. நாற்பத்தொன்பது வயதில்.

நான் எங்கள் பதிலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஆறு வரி சேர்த்தேன். சாட்சி சொன்னவர் பழிவாங்கப்பட்டிருக்கிறார், இதைக் குழு கவனிக்க வேண்டும், அரசிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று. நான் எழுதியவற்றிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது.

வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது சேர்க்க வேண்டிய விஷயம்தான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். புது விஷயம் வந்தா அரசாங்கம் அதுக்குத் தனியா அவகாசம் கேக்கும். குழு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் கூடும். நாலு மாசத்துல வர்ற கூட்டம் நமக்குப் போயிரும்."

"சேர்க்கலன்னா?" என்றார் சித்தப்பா.

"அந்தக் கூட்டத்துல எடுக்க வாய்ப்பு இருக்கு. உறுதி இல்ல."

நாற்பத்தைந்துக்கு அப்போது பத்து மாதம் இருந்தது. சித்தப்பா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. காலணிக் கடைக்காரர் கீழே யாருக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"இப்ப எடுத்துரு, ஆபீஸ். இது முடிஞ்சதும் அண்ணனுக்குத் தனியா எழுதுவோம். அவருக்குன்னே ஒண்ணு. இதைவிடப் பெருசா."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை..." என்று வக்கீலம்மா ஆரம்பித்தார்.

"நான் சொல்லிக்கறேன்."

ஆறு வரியையும் அழித்தேன். ஒரு நொடி வேலை. நான் ஏன் மறுக்கவில்லை என்று பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பெரியவர், அவர் வழக்கு, அவர் வயது. இந்தப் பதில்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கும் அவர் கேட்டைத் தாண்டுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதுவும் உண்மை.

நாலு மாதத்தில் வந்த கூட்டத்தில் எங்கள் புகாரை எடுக்கவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் எடுக்கவில்லை. முன்னால் நிறையப் பேர் வரிசையில் இருந்தார்கள். வேறு வேறு நாடுகளில் வேறு வேறு கோடுகள். நாற்பத்தைந்தாவது பிறந்தநாளன்று சித்தப்பா வழக்கம்போல் வேலைக்குப் போய் நாற்பது வண்டி கழுவிவிட்டு வந்தார். சித்தி ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

முடிவு வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு. பதினான்கு பக்கம். நான் சமையலறை மேசையில் சத்தமாகப் படித்து அர்த்தம் சொன்னேன். பாகுபாடு நடந்ததாகப் புகார் வந்தால் அதை முறையாக விசாரிப்பது அரசின் கடமை. இந்தப் புகாரில் கோடு போட்டவரை யாரும் விசாரிக்கவில்லை. இருபத்து மூன்று பேரில் ஒருவரும் தேறாததற்கு அரசு விளக்கம் தரவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது. தேர்வு முறையை மாற்ற வேண்டும், மனுதாரருக்கு ஈடு செய்ய வேண்டும்.

"ஜெயிச்சுட்டமா?" என்றாள் சித்தி.

"ஜெயிச்சுட்டோம் சித்தி."

"இந்தத் தீர்ப்பு..." என்று தொடங்கினார் சித்தப்பா.

"தீர்ப்புன்னு சொல்லக்கூடாது சித்தப்பா. இதுக்கு 'கருத்து'ன்னுதான் பேரு."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். "எட்டு வருஷம் காத்திருந்து கருத்தா? கருத்து சொல்றதுக்கு இவ போதாதா எனக்கு?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். சித்தி சிரித்துக்கொண்டே முந்தானையால் மேசையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் தேர்வு மாறியது. இரண்டு தேர்வதிகாரிகள். திடலில் ஒரு கேமரா. சுண்ணாம்புக்குப் பதில் பெயின்ட் கோடு. வேலைப் பலகையில் எல்லோருக்கும் பெயர். வயது வரம்பு மட்டும் மாறவில்லை. ஈடு செய்வது 'பரிசீலனையில் உள்ளது' என்று அரசு குழுவுக்கு எழுதியது. குழு நினைவூட்டியது. அரசு மறுபடி பரிசீலித்தது. இன்றுவரை பரிசீலிக்கிறார்கள்.

புதிய முறையில் முதல் தடவையே அக்கரை ஆட்கள் மூன்று பேர் தேறினார்கள். ஒருத்தி எங்கள் பக்கத்து வீட்டு மருமகள். அவள் முதன்முதலில் வண்டி எடுத்த அன்று சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து போனார். நானும் போனேன். வழியெல்லாம் அவர் கால் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்தது.

கடைசி நிறுத்தத்தில் அவள் திரும்பி, "மாமா, நான் ஓட்டினேனா நீங்க ஓட்டினீங்களா? கண்ணாடியில உங்க முட்டிதான் தெரியுது," என்றாள்.

"மூணாவது நிறுத்தத்துல லேட்டு. மத்தபடி பரவாயில்ல."

வேலைப் பலகையில் தன் பெயரை முதன்முதலாகப் பார்த்ததைப் பற்றி அவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துப் பிழை இருந்ததாகக் கழுவு-7 தான் சொன்னார். நான் இப்போதும் அவரை அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

சுண்ணாம்புக்காகத் தனியாக எழுதவில்லை. முடிவு வந்த புதிதில், "அண்ணனோடதை எடுக்கணும்," என்று சித்தப்பா இரண்டொரு முறை சொன்னார். நான் வக்கீலம்மாவிடம் கேட்டேன். முதலில் இங்கே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். மாறுதல் உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள். அந்தக் கெடு முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. எங்கள் ஆறு மாதத்தை விரல் விட்டு எண்ணிய நாங்கள் அவருடைய ஒரு வருடத்தை எண்ணவே இல்லை. இதைச் சொன்னபோது சித்தப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதை விட்டார். நானும் வேலை தேடுவதில் மும்முரமாகிவிட்டேன்.

போன வருடம், ஐம்பத்திரண்டு வயதில், கழுவும் மேடையிலிருந்து ஒரு வண்டியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்திவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்திருந்தார். என்ஜின் அணைத்திருந்தது. கைபிரேக் போட்டிருந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய உரிமத்தைப் பார்க்க எடுத்தேன். அதன் உறைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று. பிரித்தால் என்னுடைய ஆறு வரி. அழிப்பதற்கு முன் அச்செடுத்த பழைய நகல். எப்போது எடுத்து வைத்துக்கொண்டார் என்று தெரியாது. மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு மருமகளிடம் இதைச் சொன்னேன். "மாமா லீவு நாள்ல எப்பவாவது என் வண்டியில வருவார். டயர் கிடங்குக்குப் போற கடைசி நிறுத்தம் வரைக்கும். இறங்க மாட்டார். நான் வண்டியைத் திருப்புற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்துட்டு, திரும்பி வந்துருவார். காத்து வாங்கறார்னு நெனச்சேன்," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். சுண்ணாம்பு ஓய்வு பெற்றுச் சில மாதம் ஆகியிருந்தது. தினம் இரண்டு மணி நேரம் பயணம் முடியாமல் எப்போதோ கிடங்குப் பக்கமே வீடு மாற்றியிருந்தார். இரண்டு அறை. வாசலில் பழைய டயரில் ஒரு செடி. அவர் மனைவி நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனார். நான் யார் என்று சொன்னேன்.

"டைப் அடிச்ச பொண்ணு," என்றார். "அவன் போனது லேட்டாத்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்."

நான் தாளைக் கொடுத்தேன். கண்ணாடி எங்கே என்று தேடி, கிடைக்காமல், "நீயே படிம்மா," என்றார். படித்தேன். ஆறு வரியும் முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ரெண்டாவது வரியில தப்பு. என்னை மாத்தினது செவ்வாய்க்கிழமை இல்ல. திங்கக்கிழமை."

"சரி மாமா."

"இது அங்க போச்சா?"

"இல்ல மாமா. எடுத்துட்டோம்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். வக்கீலம்மா என்று சொல்லலாம். நான் என்றுகூடச் சொல்லலாம், அதில் பாதி உண்மை. "சித்தப்பாதான். அவருக்கு வயசு வரம்பு இருந்துச்சு. நாள் போயிடும்னு..."

அவர் வெகுநேரம் வாசல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் மாதிரி தெரியவில்லை. எதையோ அளவெடுக்கிறவர் மாதிரி இருந்தார்.

"சேர்த்திருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும்?"

"தெரியல மாமா. ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாங்க."

"இப்ப எழுதினா?"

"எடுக்க மாட்டாங்க. கெடு எப்பவோ முடிஞ்சிருச்சு."

"ம்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "எழுதிக் கொடுத்ததுக்கு நான் வருத்தப்படலம்மா. கோடு தொடலன்னா தொடலதான். என் பேரைப் போட்டதுகூடச் சரி, கேட்டிருந்தாலும் போடுன்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கணுமில்ல? சரி, அதையும் விடு. இதை எடுத்தானே, எடுத்துட்டு ஒரு தடவை வந்து, அண்ணே இப்படிப் பண்ணிட்டேன்னு சொல்லியிருக்கலாம். நான் நல்லாத் திட்டியிருப்பேன். அக்கம்பக்கம் எல்லாம் கேக்கற மாதிரி. வாங்கிட்டுப் போயிருக்கலாம். ரெண்டு பேருக்கும் முடிஞ்சிருக்கும்."

"அவர் வந்தார் மாமா. நிறுத்தம் வரைக்கும் வந்திருக்கார். இறங்கல."

"நிறுத்தத்துல வச்சா திட்டறது?"

"என்னைத் திட்டுங்க மாமா," என்றேன். சொன்ன பிறகு அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. ஆனால் அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் சிரித்தார். "உன்னை எதுக்கும்மா திட்டணும்? அது அவனுக்கு வச்சிருந்தது. அவன்தான் வாங்கணும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார், தலையணைக்குக் கீழே இருந்ததாம். அவர் அதை மாட்டிக்கொண்டு, என் பேனாவை வாங்கி, செவ்வாயை அடித்து, மேலே திங்கள் என்று எழுதினார். கோடு போட்டுப் பழகிய கை. ஒரே இழுப்பில் நேராக அடித்திருந்தார். பிறகு தாளை அதே மடிப்பில் நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீயே எடுத்துட்டுப் போம்மா. இது உங்க வீட்டுக் காகிதம்."

இப்போது அது என்னிடம் இருக்கிறது.